மூன்றரை வட்டிக்கு ஒரு வாழ்த்துச் செய்தி

போன ஏப்ரலில் என் அலுவலகம் எனக்கு நான்கு சதவீதச் சம்பள உயர்வு கொடுத்தது. மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, கம்பெனியின் கஷ்டகாலத்தைப் பற்றி அரைமணி நேரம் உருகி, தண்ணீர் குடித்து, அப்புறம்தான் கவரை நீட்டினார். மாதம் ஆயிரத்துச் சொச்சம். அதே மாதக் கடைசியில் என் கிரெடிட் கார்டு வங்கியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் கடன் வரம்பை ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக உயர்த்தச் சித்தமாக இருக்கிறார்களாம். கதவைச் சாத்தவில்லை, உருகவில்லை. 'வாழ்த்துகள்!' என்று போட்டுப் பக்கத்தில் மத்தாப்பு கொளுத்துகிற பொம்மை ஒன்றும் வைத்திருந்தார்கள்.

ஏழு வருடமாகத் தினமும் என் முகத்தைப் பார்க்கிற முதலாளிக்கு என் மேல் நான்கு சதவீதம்தான் நம்பிக்கை. என் முகத்தையே பார்க்காத வங்கிக்கு நூறு சதவீதம். வீட்டில் காட்டினேன். "பரவாயில்லையே, உங்களையும் ஒருத்தன் மதிக்கிறான்" என்றாள் மனைவி. அவள் நக்கலாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த மதிப்பை அடைவதற்கு ஒரு தவமுறை இருக்கிறது. கார்டை மாதாமாதம் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் பீரோவில் பூட்டி வைத்தால் வங்கி உங்களை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்காக வரம்பு முழுவதையும் தேய்த்துவிட்டாலும் ஆபத்து. பணத்துக்கு அலைகிற ஆள் என்று முத்திரை விழும். வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள் என்பது இந்தத் துறைப் பண்டிதர்கள் ஓதுகிற மந்திரம். கடன் வாங்க வேண்டும், ஆனால் கடனே தேவைப்படாதவர் மாதிரி வாங்க வேண்டும். கல்யாண வீட்டில் வயிறு பசியில் கத்தினாலும் "இருக்கட்டும், அடுத்த பந்தியில் உட்காருகிறேன்" என்று சிரிப்போமே, அந்த நடிப்புதான். தேதி தவறாமல் பில் கட்டி, ஆறு மாதமோ ஒரு வருடமோ இப்படி நடித்தால் சிபில் மதிப்பெண் ஏறும். 300இல் தொடங்கி 900 வரை போகிற அந்த மதிப்பெண்ணில் 750ஐத் தாண்டியவர், வங்கிக்காரர்கள் கண்ணுக்கு மாப்பிள்ளை.

இதில் ஒரு கூத்து கவனித்தீர்களா? வரம்பு உயர்ந்தால், பழைய செலவே வரம்பில் சின்னப் பங்காகத் தெரியும். அதனால் மதிப்பெண் கூடும். மதிப்பெண் கூடினால் வரம்பு மறுபடி உயரும். இந்தச் செக்குச் சுற்றில் ஏறாதது சம்பளம் ஒன்றுதான். ஏறினதா என்று அந்த மதிப்பெண் கேட்பதும் இல்லை. அதன் கணக்கில் வருமானத்துக்கு இடமே கிடையாது. வாழ்நாள் முழுக்க ஒரு பைசா கடன் வாங்காமல், கையில் இருப்பதற்குள் குடும்பம் நடத்தி, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய ஒரு அம்மாவுக்கு அது என்ன போடும் தெரியுமா? மைனஸ் ஒன்று. கடன் சரித்திரமே இல்லாதவர் என்று அர்த்தமாம். பூஜ்யம் போடக்கூட மனசு வரவில்லை.

பில்லை முழுதாகக் கட்டிவிடுகிற ஆளால் வங்கிக்குப் பெரிய பிரயோஜனம் கிடையாது. கடைக்காரரிடம் பிடிக்கிற கமிஷனோடு சரி. பாதியைக் கட்டி, மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர்தான் படியளக்கிற சாமி. அவருக்கு இந்தத் தொழிலில் வைத்திருக்கிற பெயர் 'ரிவால்வர்'. கடனைச் சுழற்றிக்கொண்டே இருப்பவர் என்ற பொருளில் வைத்தார்களாம். நல்ல பெயர். துப்பாக்கி யார் கையில், குறி யார் நெற்றியில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் பாக்கி. 'குறைந்தபட்சத் தொகை' என்று ஐந்து சதவீதம், அதாவது ரூ.5,000 கட்டுகிறீர்கள். மீதி ரூ.95,000. மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி ரூ.3,325. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.598.50. புதிதாக ஒரு தீப்பெட்டிகூட வாங்காவிட்டாலும் அடுத்த பில் ரூ.98,923.50. ஐயாயிரம் கொடுத்ததில் கடன் குறைந்தது ஆயிரத்து எழுபத்தாறு ரூபாய் ஐம்பது காசு. இதில் அரசாங்கத்தின் பங்கையும் கவனியுங்கள். நாம் கடனில் மூழ்குகிற ஒவ்வொரு சாணுக்கும் அதற்கு வரி வருகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் வட்டியை நூற்றுக்கு, மாதத்துக்குச் சொல்வார்கள். ஒரு வட்டிக்குக் கொடுத்தால் நல்ல மனுஷன். இரண்டு வட்டி என்றால் அடகுக்கடை. மூன்று வட்டிக்கு விடுகிறவர் தெருவில் வந்தால் பெண்கள் எதிரே வரமாட்டார்கள், அவர் செத்தால் சுமக்க ஆள் கிடைக்காது என்று சாபம் விடுவார்கள். கிரெடிட் கார்டு சாதாரணமாக வாங்குவது மூன்றரை, மூன்றே முக்கால். வருடத்துக்கு நாற்பத்திரண்டு முதல் நாற்பத்தைந்து சதவீதம். ஊர் மொழியில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் ஏசி அறையில் இருக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அந்தப் பெயரைத் தடுக்கத்தான் 2003இல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி, மீறினால் மூன்று வருடம் வரை சிறை என்றது. அதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே எரிந்தது. கந்துவட்டிக்காரனைப் பிடிக்க வேண்டும், பிடித்தே ஆக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் டை கட்டிக்கொண்டு மூன்றரை வட்டி வாங்குகிறவர் பக்கம் சட்டம் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு, வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் வங்கிக் கடனைக் கிளறக் கூடாது என்கிறது. தேசிய நுகர்வோர் ஆணையம் ஒன்றுதான் 2008இல் துணிந்து, கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறைகேடான வணிகம் என்றது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. பதினாறு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று, ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உத்தரவு ரத்தாகிவிட்டது. தண்டல்காரர் செய்த ஒரே தப்பு, லைசென்ஸ் வாங்காமல் சைக்கிளில் வந்ததுதான்.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை என்பீர்கள். இருக்கவில்லைதான். வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வரம்பை உயர்த்தக் கூடாது என்று 2022இல் விதி எழுதிவிட்டது. அதனால்தான் நம் ஊரில் வரம்பு 'தானாக' உயர்வதில்லை. நம் கட்டைவிரலால் உயர்கிறது. செயலியைத் திறந்தால், மின்சார பில் கட்ட விடாமல் திரையை மறித்துக்கொண்டு ஒரு பெட்டி வரும். 'ஆம், வேண்டும்' என்பது உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை நிறத்தில் இருக்கும். 'பிறகு நினைவூட்டு' என்பது சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டால் தெரிகிற அளவுக்கு. 'வேண்டாம், ஒருபோதும் வேண்டாம்' என்ற பொத்தானை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வாயில் லட்டைத் திணித்துவிட்டு, மென்றதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலை முதல், வாடிக்கையாளர் கேட்காமல் 'வரம்பை உயர்த்தித் தரட்டுமா' என்று வங்கி வாயெடுப்பதற்கே தடை. அங்கே திணிக்கிறவன் கையைப் பிடிக்கிறார்கள், இங்கே மெல்லுகிறவன் வாயை எண்ணுகிறார்கள்.

2023 நவம்பரில் ரிசர்வ் வங்கிக்கே கொஞ்சம் உதறல் எடுத்தது. கார்டுக் கடனுக்கான அபாய எடையை வங்கிகளுக்கு 125இலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. இந்தக் கடன் திரும்பாமல் போகலாம், அதனால் கூடுதல் மூலதனம் ஒதுக்கி வை என்று அர்த்தம். வங்கிக்கு ஆபத்து என்றால் கோடிக்கணக்கில் அரண் எழுப்புவார்கள். நமக்கு ஆபத்து என்றால் பில்லில் ஒரு வரி போடுவார்கள்: குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும். சிகரெட் பெட்டியில்கூடப் பயமுறுத்துகிற படம் போடுகிறார்கள் ஐயா.

இந்த வரம்பை வைத்துக்கொண்டு ஊரே சிங்கப்பூர் போகிறது என்று மேல்தட்டில் ஒரு கதை உலவுகிறது. என் தெருவுக்கு வந்து பாருங்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணக் கவுண்டரில் கார்டு தேய்க்கிற வரிசை நிற்கும். மருத்துவமனையில் "அட்வான்ஸ் கட்டினால்தான் அட்மிஷன்" என்று சொல்கிற இடத்தில் ஒரு இயந்திரம் இருக்கும். மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த இரவு நானும் அங்கேதான் தேய்த்தேன். ஏறவேண்டிய சம்பளம் ஏறாத இடத்தில், அரசு மருத்துவமனையில் கட்டில் கிடைக்காத நேரத்தில், இந்த மூன்று லட்சம் வந்து நிற்கிறது. 'அவசரத்துக்கு ஆகும்' என்று வாங்கி வைத்தது, அன்றாடத்துக்கு ஆகிவிடுகிறது. கூலியாகத் தரவேண்டியதைக் கடனாகத் தந்துவிட்டு, அதற்கு வட்டியும் வாங்கிவிட்டு, வாழ்த்தும் சொல்கிறார்கள். எனக்கு எரிவது அந்த வாழ்த்தில்தான்.

ஒருநாள் வீம்பாக வரம்பைக் குறைக்கச் சொல்லலாம் என்று வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். உயர்த்த எண் ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். குறைக்க எந்த எண்ணும் இல்லை. பதினாறு நிமிடம் புல்லாங்குழல் கேட்டபின் ஒரு பெண் வந்தார்.

"குறைக்கணுமா சார்? கூட்டணும்னு சொல்றீங்களா?"

"இல்லம்மா, குறைக்கணும்."

"குறைச்சா உங்க ஸ்கோர் பாதிக்கும் சார்."

"பாதிக்கட்டும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை. அவருக்கும் மாதம் இத்தனை பேர் தலையில் கட்டவேண்டும் என்று கணக்கு இருக்கும். பிறகு ஒரு படிவத்தின் இணைப்பை அனுப்பினார். உயர்த்த ஒரு விரல் போதும். குறைக்கப் படிவம், கையெழுத்து, அடையாள அட்டை நகல், ஏழு வேலை நாள். 'குறைப்பதற்கான காரணம்' என்ற கட்டத்தில் வெளிநாடு செல்கிறேன், வேறு கார்டு இருக்கிறது, மற்றவை என்று மூன்றுதான். மற்றவையைத் தேர்ந்தெடுத்து, 'சம்பளம் ஏறவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. மத்தாப்புப் பொம்மையோடு. என் வருமான விவரம் பழையதாக இருக்கிறதாம். புதுப்பித்தால் ஐந்து லட்சம் வரை தரத் தயாராக இருக்கிறார்களாம்.