பருப்புப்பொடி இருப்பும் ஸ்பானிஷ் அறிவும்: மயிலாப்பூர் – மாட்ரிட் ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வின் நோக்கம்

அயல்மொழி மண்டையில் எப்படி ஏறுகிறது என்று அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். காதில் விழுந்துகொண்டே இருந்தால் ஏறும் என்கிறது ஒரு கட்சி. இலக்கணத்தை நெட்டுருப் போட்டால் ஏறும் என்கிறது இன்னொரு கட்சி. காதலித்தால் தானாக ஏறிவிடும் என்பது விடுதிவாசிகளின் கட்சி. இவர்களில் எவரும் மாணவனின் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது. கருதுகோள் வருமாறு: மயிலாப்பூரிலிருந்து ஸ்பெயினுக்குப் படிக்கப் போன பையனின் ஸ்பானிஷ் அறிவு, அவன் கைவசம் உள்ள பருப்புப்பொடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும்.

2. களமும் முறையும்

முதன்மை மாதிரி ஒன்றே ஒன்று: என் அக்கா மகன். மாதிரி போதாது என்று ஆட்சேபிப்பவர்கள் தங்கள் அக்கா மகன்களை அனுப்பிவைக்கலாம். பையன் மாட்ரிட்டில் முதுகலை படிக்கிறான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது; வகுப்பறைக் கதவைத் தாண்டினால் எல்லாம் ஸ்பானிஷ்.

தரவு திரட்டிய இடம் அக்கா வீட்டுச் சமையலறை. துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனில் தினமும் வீடியோ அழைப்பு வரும். "ஸ்பீக்கர்ல போடு" என்று அத்திம்பேர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். நான் காபியோடு குறிப்பெடுப்பேன். இது பையனின் அந்தரங்க உரிமையை மீறாதா என்று கேட்கலாம். நம் வீடுகளில் அப்படி ஓர் உரிமை இருப்பது இதுவரை நிறுவப்படவில்லை.

புறப்படும் முன் அவன் சென்னையிலேயே கொஞ்சம் படித்துக்கொண்டான். பிரெஞ்சுக்கு நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் உண்டு, ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன் உண்டு. ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கிய செர்வாந்தெஸ் நிறுவனமோ இந்தியாவில் தில்லிவரை வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே பையன் அடையாற்றில் ஓர் ஆசிரியை வீட்டு மாடி ஏறி, ஏ1 தகுதியோடு இறங்கினான். ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட அளவுகோலில் ஆறு படிகள். ஏ1 என்பது அடிப்படி, சி2 உச்சிப்படி. அதில் நிற்பவன் தன் பெயரையும் ஊரையும் சொல்லலாம். எதிராளி மெதுவாகப் பேச மனம்வைத்தால் பதிலையும் புரிந்துகொள்ளலாம். மெதுவாகப் பேசும் மாட்ரிட்வாசியை அவன் இன்னும் சந்திக்கவில்லை.

3. வரலாற்றுப் பின்னணி (ஆய்வேடு என்றால் ஒன்று இருந்தாக வேண்டும்)

மயிலாப்பூருக்கும் ஸ்பெயினுக்கும் என்ன சம்பந்தம் என்று எவரும் கேட்க வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் போர்த்துகீசியர் குடியேறினார்கள். 1580 முதல் 1640 வரை போர்த்துகல்லின் மகுடமும் ஸ்பெயினின் மகுடமும் ஒரே தலையில் இருந்தன. 1606இல் சாந்தோம் மயிலாப்பூர் மறைமாவட்டம் அமைந்தபோது சாந்தோம்காரர்களுக்கு அரசர் ஸ்பெயினின் மூன்றாம் பிலிப். அப்போதே நாலு வார்த்தை கற்று வைத்திருந்தால் இப்போது அடையாற்று ஃபீஸ் மிச்சமாகியிருக்கும்.

மிளகாய்க் கணக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. அமெரிக்க மண்ணின் மிளகாயை 1490களில் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவை கொலம்பஸின் ஸ்பானிஷ் கப்பல்கள். இங்கே கொண்டுவந்து இறக்கியவர்கள் போர்த்துகீசியர். காரத்தை நமக்குத் தள்ளிவிட்டு ஸ்பெயின் தான் மட்டும் உப்போடும் ஆலிவ் எண்ணெயோடும் நிறுத்திக்கொண்டது. அக்கா பெட்டியில் வைத்த அரைக்கிலோ மிளகாய்ப்பொடியை, 500 ஆண்டுக் கடனின் முதல் தவணை என்றே கொள்ள வேண்டும்.

4. பெட்டி இயல்

விமானத்தில் அனுமதி 23 கிலோ. தி.நகர் ரங்கநாதன் தெருவில் வாங்கிய மூன்று லிட்டர் குக்கர், அம்பிகா அப்பளம், கச்சேரி ரோடு டப்பா செட்டி கடைச் சுக்கும் லேகியமும், அடையாறு கிராண்ட் ஸ்வீட்ஸ் புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும், எல்லாவற்றுக்கும் மேலே வீட்டில் வறுத்து அரைத்த பருப்புப்பொடி. அத்திம்பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினார், பிறகு பெட்டியில்லாமல் ஏறினார், கழித்துப் பார்த்தார். மீறியது. பொடியில் கை வைக்க அக்கா சம்மதிக்கவில்லை. மாட்ரிட் குளிருக்கென்று வாங்கிய கோட்டு வெளியே வந்தது. ஆகஸ்ட் மாதச் சென்னையில், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பையன் விமான நிலையம் போனான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளையும் இங்கே நோக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக் கூடாது. ஆகவே நெய் பாட்டில் கிடையாது. பழம், காய், கீரை, இலை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே கறிவேப்பிலையும் கிடையாது. விதிவிலக்காக ஐந்து மட்டும் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போகலாம்: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன். துரியனை விட்டுவிட்டுக் கறிவேப்பிலையைத் தடுக்கும் நாகரிகத்தைப் பற்றி அக்கா சொன்னதை ஆய்வேட்டில் சேர்க்க இயலாது. ஆனால் பட்டியலைக் கேட்டதும் அவள் கேட்ட கேள்வி பதிவுக்குரியது. "தேங்காய்க்கு ஓகேவா? அப்ப ரெண்டு வை."

5. பொடிக்காலம்

முதல் பருவத்தைப் பொடிக்காலம் எனலாம். சோறு, பொடி, நல்லெண்ணெய், சுட்ட அப்பளம். இதற்கு எந்த மொழியும் தேவையில்லை. சூப்பர் மார்க்கெட்டில் தானே பில் போடும் மெஷின் இருக்கிறது. அதில் ஆங்கிலமும் இருக்கிறது. அரிசி பருப்புக்கு மட்டும் லவாபியெஸ் பகுதிக்குப் போவான். அங்கே தெற்காசிய மளிகைக் கடைகள் உண்டு. கடைக்காரர் வங்கதேசத்துக்காரர். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, இவனுக்கு ஸ்பானிஷ் அரைகுறை. இருவரும் இந்தியில் சந்தித்துக்கொண்டார்கள். ஆக, பொடிக்காலத்தில் பையனின் மொழியறிவில் ஏற்பட்ட ஒரே வளர்ச்சி இந்தியில். 1965இல் தமிழ்நாடே திரண்டு தடுத்ததை மாட்ரிட்டின் ஒரு மளிகைக் கடை சத்தமில்லாமல் சாதித்துவிட்டது.

6. சூரைக்காலம்

பொடி தீர்ந்தது. பையன் வெளியே சாப்பிடப் போனான். மெனு அட்டையில் 'சாண்ட்விச் வெஹெதால்' என்று இருந்தது. காய்கறி சாண்ட்விச் என்று மகிழ்ந்து வாங்கினான். ரொட்டிக்கு நடுவே இலைக்கோசு, தக்காளி, வேகவைத்த முட்டை, அதன்மேல் தாராளமாகச் சூரை மீன். ஸ்பெயினில் இது அதிசயமல்ல. அந்தப் பெயரில் அந்தப் பண்டம் அப்படித்தான் வரும். பரிமாறியவரைக் கூப்பிட்டு மீனைச் சுட்டிக்காட்டினான். அவர் பெருமையோடு தலையாட்டினார். மீன் போதவில்லை என்று கேட்கிறான் என நினைத்திருக்கக்கூடும்.

அன்றிரவுதான் அவன் ஸ்பானிஷ் புத்தகத்தை உண்மையாகத் திறந்தான். புத்தகம் முதல் பாடத்தில் 'நான் ஒரு மாணவன்' என்கிறது. அவனுக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. 'சின் அதூன்', சூரை இல்லாமல். 'சின் ஹாமோன்', பன்றித்தொடை இல்லாமல். 'சின் உவேவோ', முட்டை இல்லாமல். (கேக்கில் முட்டை இருப்பது அவனுக்குத் தெரியாது என்று குடும்பம் ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறது.) இறைச்சி வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, பன்றித்தொடைத் துண்டுகளைப் பல உணவகங்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பீன்ஸ் பொரியலில் அது வரும். பயறு கேட்டால் உள்ளே சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். எனவே எதிர்மறையிலிருந்து வினாவுக்குப் போனான்: சூப்பில் எலும்பு போட்டிருக்கிறதா? வினாவிலிருந்து நிபந்தனைக்குப் போனான்: மீன் பொரித்த எண்ணெயாக இருந்தால் உருளைக்கிழங்கு வேண்டாம். பாடத்திட்டம் பின்னால் வைத்திருக்கும் இலக்கணத்தையெல்லாம் வயிறு முன்னால் இழுத்துக்கொண்டது.

படிப்புத் திறன் வளர்ந்த விதமும் இதுவே. நம்மூரில் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அங்கே அந்தப் புள்ளி இல்லை. பொடி எழுத்தைப் படித்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் சமயம் அறைத்தோழன் போல்வொரோன் என்ற இனிப்பைக் கொடுத்தான். வீடியோ அழைப்பில் எங்கள் கண்முன்னே காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான். உதிர்ந்தது, கரைந்தது. "மாலாடு மாதிரியே இருக்கும்மா!" அக்கா முகம் மலர்ந்தது. "நெய் போட்டிருக்காளா பாரு." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். 'மந்தேகா தெ செர்தோ' என்று படித்தான். படிக்கும்போதே குரல் இறங்கியது. பன்றிக் கொழுப்பு. "என்னடா போட்டிருக்கு?" "ஒண்ணுமில்லம்மா, வெண்ணெய் மாதிரி ஒண்ணு." ஸ்பானிஷில் படித்து, புரிந்துகொண்டு, தாய்க்குத் தகுந்தபடி திரித்து மொழிபெயர்த்தான். இதை பி1 தகுதிக்கான சான்றாக ஏற்கிறோம்.

7. பெயரும் நேரமும்

பசிக்கு வெளியேயும் பிடிவாதங்கள் உண்டு. ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், தந்தைவழி ஒன்று, தாய்வழி ஒன்று. வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கான படிவத்தில் இரண்டுக்கும் கட்டம் இருக்கிறது; அதற்கும் கீழே அப்பா பெயர் தனி, அம்மா பெயர் தனி. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு சாதிப் பட்டத்தை உதறி இனிஷியலோடு வாழப் பழகிய நாட்டின் பிள்ளை, அத்தனை கட்டத்துக்கு எங்கே போவான்? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர். ஆகவே அலுவலகத்தில் கூப்பிடும்போதெல்லாம் மயிலாப்பூரில் ஈசிசேரில் இருக்கும் அத்திம்பேரைத்தான் கூப்பிடுகிறார்கள். அது அப்பா பெயர், நான் வேறு, எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, மறந்துபோய் விடவில்லை. இதை ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கி விளக்கி அவனுக்கு மூச்சுவிடாமல் பேசும் ஆற்றல் வந்தது. அம்மா பெயரையும் அரசாங்கம் கேட்கிறது என்பதில் அக்காவுக்கு மட்டும் தனி திருப்தி.

நேரமும் இப்படியே. கிரீனிச்சுக்கு மேற்கே இருக்கும் மாட்ரிட்டின் கடிகாரத்தை 1940இல் ஃபிராங்கோ அரசு பெர்லினோடு சேர்த்து ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, இன்றுவரை திரும்பவில்லை. மதியச் சாப்பாடு மூன்று மணி, இரவுச் சாப்பாடு பத்து மணி. அக்கா இரவு எட்டரைக்கு "சாப்ட்டியாடா?" என்று கேட்கும்போது, குளிர்காலமானால் அங்கே மாலை நாலு. "இப்பதான் சாப்ட்டேன்" என்றால் மத்தியானச் சாப்பாடா என்று திட்டு விழும். "இனிமேதான்" என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கே பத்து, இங்கே விடிகாலை இரண்டரை. மதராஸ் நேரத்தைக் கணித்துத் தந்த நுங்கம்பாக்கம் வானாய்வகம் இன்று இருந்தாலும் இந்த வழக்கைத் தீர்த்திருக்காது. பையன் ஏழரைக்கே சமைத்துச் சாப்பிடுகிறான். ஏன் இத்தனை சீக்கிரம் என்று அறைத்தோழர்கள் தினம் கேட்கிறார்கள். தினம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. காரண வாக்கியங்களில் அவன் இப்போது வல்லவன்.

8. கட்டுப்பாட்டுக் குழு

நேர்மையான ஆய்வாளன் எதிர்ச்சான்றையும் தேட வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் இரு சென்னைப் பையன்கள் படிக்கிறார்கள்.

முதலாமவன் பட்டினப்பாக்கம். லூப் ரோடு மீன் வாசனையில் வளர்ந்தவன். சூரை இவனுக்கு ஆபத்தல்ல, ஆறுதல். கடலே இல்லாத மாட்ரிட்டில் ஐரோப்பாவின் மிகப்பெரிய மீன் மொத்தச் சந்தைகளுள் ஒன்று இருக்கிறது. என் கருதுகோள்படி இவனுக்கு ஸ்பானிஷ் வந்திருக்கவே கூடாது. ஆனால் மூவரில் இவன்தான் முதலில் சரளமானான். காரணம் கேட்டேன். "ஐஸ்ல வச்ச பழைய மீனைத் தலையில கட்டப் பாக்கறாங்க மாமா. செவுளத் தூக்கிக் காட்டுன்னு சொல்ல வேணாமா?" செவுள், கண், வாடை, விலை, வெட்டும் விதம், குடல் எடுப்பது என எல்லாவற்றிலும் வாதாடக் கற்றுக்கொண்டிருக்கிறான். மீன்கடை அம்மாள் இப்போது அவனைக் கண்டதும் தானே செவுளைத் தூக்கிக் காட்டுகிறாராம்.

இரண்டாமவன் தி.நகர். தங்கமான பையன். எதையும் சாப்பிடுவான், எங்கேயும் தூங்குவான், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பான். மதியத்துக்கு 'மெனு தெல் தியா' என்ற அளவுச் சாப்பாட்டுப் பலகையில் விரலை வைப்பான். வருவதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவான். இன்றுவரை ஏ1. விரல் மட்டும் சி2.

9. முடிவும் பரிந்துரையும்

ஆகவே கருதுகோளைத் திருத்த வேண்டியிருக்கிறது. மொழியைக் கற்பிப்பது பசியல்ல, பிடிவாதம். எனக்கு இது வேண்டாம் என்பவனுக்கும் எனக்கு இதுதான் வேண்டும் என்பவனுக்கும் வாய் திறந்தாக வேண்டும். எதுவானாலும் சரி என்பவனுக்கு எந்த மொழியும் அவசியப்படுவதில்லை. நம் தாய்மார்கள் விமான நிலைய வாசலில் "போற இடத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லி அனுப்புகிறார்கள். மொழியியல் நோக்கில் இது தவறான அறிவுரை. அந்த அறிவுரையைச் செயல்படுத்தவே முடியாதபடி 23 கிலோவைக் கையில் கொடுத்தும் அனுப்புகிறார்கள். பொடி தீரும் வரை அதுவும் தவறே.

பையன் இப்போது டெலே என்ற ஸ்பானிஷ் தகுதித் தேர்வின் பி2 படிக்குத் தயாராகிறான். இந்த நேரத்தில் அக்கா ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மிக்ஸி மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வாய்வின்படி, தேர்வு முடியும்வரை அவளுக்கு விசா கிடைக்காமல் இருப்பதே கல்விக்கு உகந்தது. இந்தக் கண்டுபிடிப்பை அக்காவிடம் எடுத்துரைப்பது அடுத்து வரும் ஆய்வாளர்களின் கடமை.