‘ஹாய் சார், எனி வேகன்சி?’

இந்த வாரத் தபாலில் பாதி லிங்க்ட்இன் பற்றியே வந்திருக்கிறது. இன்க்ரிமென்ட் கடிதம் கைக்கு வந்த மாதம் போலிருக்கிறது.

கே: ஃபேஸ்புக்குக்கும் லிங்க்ட்இன்னுக்கும் என்ன வித்தியாசம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

ஃபேஸ்புக்கில் சாப்பிட்ட தோசையைப் போடுவார்கள். லிங்க்ட்இன்னில் அந்தத் தோசை கற்றுக்கொடுத்த ஐந்து தலைமைப் பண்புகளைப் போடுவார்கள்.

வயதில் லிங்க்ட்இன்தான் மூத்தது. ரீட் ஹாஃப்மனும் கூட்டாளிகளும் 2003 மே மாதம் தளத்தைத் திறந்தார்கள். ஃபேஸ்புக் வந்தது 2004 பிப்ரவரியில். 2016-ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் பேசி லிங்க்ட்இன்னை வாங்கியது. நம் பயோடேட்டாவுக்கு அவ்வளவு விலையா என்று பெருமைப்பட வேண்டாம். அந்த பயோடேட்டாக்களுக்குள் ஆள் தேட கம்பெனிகள் கட்டுகிற சந்தாவில்தான் அங்கே பெரிய வரும்படி. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

கே: ‘கனவு காண்பவன், கற்றுக்கொண்டே இருப்பவன், வருங்கால சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்று ஆங்கிலத்தில் ஹெட்லைன் போட்டிருக்கிறேன். ஆறு மாதமாக ஒரு எச்.ஆர். கூட எட்டிப் பார்க்கவில்லை.
– பி.இ. முடித்தவர், நாமக்கல்

எந்த எச்.ஆராவது தேடல் பெட்டியில் ‘கனவு காண்பவன்’ என்று தட்டுவாரா? ‘ஜாவா’, ‘ஸ்பிரிங் பூட்’, ‘சென்னை’ என்று தட்டுவார். அந்த வார்த்தைகள் உங்கள் புரொஃபைலில் இருந்தால்தானே நீங்கள் வருவீர்கள்.

ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் உண்டு. தேடல் பட்டியல், நீங்கள் போடும் கமென்ட், அனுப்பும் அழைப்பு என்று உங்கள் பெயர் போகிற இடமெல்லாம் அதுவும் கூடவே போகும். ஆனால் செல்போன் திரையில் தெரிவது முன்பாதிதான். எனவே சரக்கை முன்னால் வையுங்கள்: ‘ஜாவா டெவலப்பர், புதியவர். ஸ்பிரிங் பூட், மைஎஸ்க்யூஎல். கல்லூரி பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் செய்தவர்.’ அந்த பஸ் ஆப்தான் உங்களைப் பேச அழைக்கும்.

கீழே உள்ள ‘அபவுட்’ பகுதியில் 2,600 எழுத்து எழுதலாம் என்பதற்காகப் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் சில வரி மட்டுமே வெளியே தெரியும். மிச்சத்தைப் படிக்க ஒரு கிளிக் வேண்டும். அந்த கிளிக்கைச் சம்பாதிக்கிற மாதிரி முதல் வரி இருக்கட்டும்.

கே: நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். லிங்க்ட்இன் எல்லாம் ஐ.டி.காரர்கள் சமாசாரம்தானே?
– பதினோரு வருட அனுபவஸ்தர், திருப்பூர்

உங்களுக்குத்தான் சார் அது அதிகம் வேலைக்கு ஆகும். உங்கள் பையர் ஐரோப்பாவில், பையிங் ஹவுஸ் பெங்களூரிலோ டெல்லியிலோ, நீங்கள் அவினாசி ரோட்டில். ஐ.டி. பையனுக்காவது பக்கத்து சீட்டில் ரெஃபரல் கிடைக்கும். உங்களை இன்னொரு நாட்டிலிருந்து தேடுகிறவருக்கு வேறு எது வழி?

உங்கள் புரொஃபைலில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று பார்க்காமலே சொல்கிறேன்: ‘ஆர்டர்களைக் கையாளும் பொறுப்பு’. திருப்பூரில் எல்லா மெர்ச்சண்டைசரும் ஆர்டரைத்தான் கையாள்கிறார்கள். குழந்தைகள் நிட்வேரா, ஆண்கள் உள்ளாடையா? எந்த நாட்டுச் சந்தை? ஒரு சீசனுக்கு எத்தனை ஸ்டைல் பார்க்கிறீர்கள்? ஆர்கானிக் காட்டனுக்கான காட்ஸ் சான்றிதழ் ஆடிட்டில் உட்கார்ந்ததுண்டா? லேப் டிப் நான்கு முறை ரிஜெக்ட் ஆன கலரை ஐந்தாவது முறை எப்படி அப்ரூவல் வாங்கினீர்கள்? கடைசிக் கேள்விக்கு நாலு வரி பதில் எழுதிப் போஸ்ட்டாகப் போடுங்கள். டையிங் மாஸ்டர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அப்படித்தான் ஆள் சேரும்.

ஒரு எச்சரிக்கை. பையர் பெயர் போட்ட டெக் பேக், விலை, கடைக்கு வராத டிசைனின் போட்டோ, இவை மூன்றும் கூடவே கூடாது. லைக் வரும். பின்னாலேயே வக்கீல் நோட்டீஸும் வரும்.

கே: எனக்கு 8,000 கனெக்ஷன் இருக்கிறது. வேலை மட்டும் வரவில்லை.
– எண்ணிக்கையில் பணக்காரர், சேலம்

500-ஐத் தாண்டியதும் ‘500+’ என்று மட்டும்தான் புரொஃபைலில் காட்டும். உங்கள் 8,000-மும் எதிர்வீட்டுக்காரரின் 501-ம் பார்வைக்கு ஒன்றுதான். உச்சவரம்பு 30,000. அதைத் தொட்டவர்களுக்கும் யாரும் மாலை போடுவதில்லை.

எண்ணிக்கையை விடுங்கள், யார் அவர்கள்? 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கியவர்களைவிட, எப்போதாவது பார்த்துக்கொள்கிற அறிமுகங்கள் வழியாகத்தான் வேலைத் தகவல் அதிகம் வருகிறது என்றார். காரணம் எளிமையானது. உங்கள் சித்தப்பாவுக்கும் உயிர்த்தோழனுக்கும் தெரிந்த செய்தி பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு வேலைக்கு முன்னால் உங்களோடு கேன்டீனில் டீ குடித்தவருக்குத் தெரிந்தது தெரிந்திருக்காது.

லிங்க்ட்இன் இதைச் சோதித்தும் பார்த்தது. ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று காட்டும் பட்டியலை ஆளுக்கு ஆள் மாற்றிப்போட்டு, ஐந்து ஆண்டுகளாக இரண்டு கோடிப் பேரைக் கவனித்த ஆய்வு 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியது ஓரளவு தூரத்து அறிமுகங்கள்தான். முன்பின் தெரியாத ஆள் அவ்வளவாக உதவவில்லை. ஒட்டி உறவாடுகிறவரும் இல்லை. (சோதனையில் தாங்கள் இருப்பது அந்த இரண்டு கோடிப் பேருக்குத் தெரியாது என்பது தனிக் கச்சேரி.)

எனவே புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, பழைய வெண்டார் கம்பெனி இன்ஜினியருக்கும் கல்லூரி சீனியருக்கும் ஒரு வரி எழுதுங்கள். வேலை கேட்டு அல்ல. எப்படி இருக்கிறீர்கள் என்று.

கே: முன்பின் தெரியாத மேனேஜருக்கு என்ன எழுதுவது? ‘ஹாய் சார், எனி வேகன்சி?’ என்றால் பதிலே வருவதில்லை.
– கிண்டி

அவருக்கு நீங்கள் யார், என்ன தெரியும், என்ன வேண்டும் என்ற மூன்றையும் கண்டுபிடிக்கும் வேலையை இலவசமாகக் கொடுத்திருக்கிறீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வணக்கம். உங்கள் டீமில் டெஸ்டிங் இன்ஜினியர் விளம்பரம் பார்த்தேன். செலினியத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். விண்ணப்பித்துவிட்டேன். அந்த வேலையில் மொபைல் டெஸ்டிங்கும் உண்டா என்று சொல்ல முடியுமா?’ ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்விக்குத்தான் பிஸியான ஆள் பதில் சொல்வார். இலவசக் கணக்கில் அழைப்போடு குறிப்பு வைக்க மாதத்துக்குச் சில வாய்ப்புதான். யாருக்கு என்று யோசித்துச் செலவழியுங்கள்.

கே: ‘வேலை தேடுகிறேன்’ என்று காட்டும் பச்சை வளையத்தைப் போட்டோவைச் சுற்றிப் போடலாமா? இப்போது ஒரு வேலையில்தான் இருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், ஓசூர்

வேலையில் இருக்கிறவர் வளையம் போடாமல், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். உங்கள் கம்பெனி எச்.ஆர். கண்ணில் படாமல் மறைக்க லிங்க்ட்இன் முயலும், உத்தரவாதம் தராது. உங்கள் மேனேஜருக்குக் கன்சல்டன்சி நடத்தும் மச்சான் இருந்தால் லிங்க்ட்இன் என்ன செய்யும்?

வேலை போனவர்கள் தயங்காமல் வளையத்தைப் போடுங்கள். ‘டு லெட்’ போர்டு மாட்டாத வீட்டுக் கதவை யார் வந்து தட்டுவார்கள்?

கே: என் மாமா பையன் எனக்கு மெஷின் லேர்னிங்கில் எண்டார்ஸ்மென்ட் கொடுத்திருக்கிறான். அவன் வைத்திருப்பது மளிகைக் கடை.
– தர்மபுரி

2012-ல் இந்த வசதி வந்ததிலிருந்து நடக்கும் கூத்து. ஒரு கிளிக்தானே, பாசத்தில் அமுக்கிவிடுவார்கள். உங்களோடு வேலை பார்த்த டீம் லீடரிடம் கேட்டு நாலு வரி பரிந்துரை எழுதி வாங்குங்கள். மச்சானுக்கும் பதிலுக்கு ‘சப்ளை செயின்’ கொடுத்துவிடுங்கள். அது உண்மை.

கே: குழந்தைக்காக ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். அந்த இடைவெளியை எப்படி மறைப்பது?
– கோவை

மறைக்காதீர்கள். 2022-லிருந்து ‘கேரியர் பிரேக்’ என்றே ஒரு பதிவு வைக்க முடிகிறது. காரணங்களில் குழந்தை வளர்ப்பும் உண்டு. வருடத்தோடு போட்டுவிட்டு, கீழே அந்தக் காலத்தில் தொட்ட தொழில் சமாசாரம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்: படித்த கோர்ஸ், தெரிந்தவர் கடைக்குப் பார்த்துக்கொடுத்த ஜி.எஸ்.டி. கணக்கு. ‘வீட்டின் சி.இ.ஓ.’ என்று மட்டும் எழுதாதீர்கள். உண்மைதான், ஆனால் ஊரில் எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

கே: சாட்ஜிபிடியில் போஸ்ட் எழுதிப் போடலாமா?
– பூந்தமல்லி

ராக்கெட் படம், மூன்று புள்ளி, கடைசியில் ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ இது எல்லாருக்கும் அடையாளம் தெரிந்துபோயிற்று. இலக்கணத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். நேற்று சர்வர் ஏன் படுத்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கே: நான் டிஃபென்ஸ் ஆராய்ச்சியில் இருக்கிறேன். அறிமுகமே இல்லாத ஒரு வெளிநாட்டுப் பெண், சினிமா நடிகை போல போட்டோ, என் ஆய்வைப் பற்றிக் கட்டுரை கேட்கிறார். பணமும் தருவாராம்.
– ஊர் சொல்ல மாட்டேன்

சொல்லாதீர்கள், அவரிடமும்தான். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 10,000 பிரிட்டன்காரர்களை இப்படிப் போலிப் புரொஃபைல்கள் அணுகியதாக அந்நாட்டு உளவுத்துறை எம்ஐ5 2021-ல் எச்சரித்தது. லிங்க்ட்இன் வழியாக வந்த அழைப்பில் ஆரம்பித்த விவகாரத்தில், முன்னாள் சிஐஏ அதிகாரி ஒருவருக்கு 2019-ல் 20 ஆண்டு சிறை கிடைத்தது. பிளாக் செய்துவிட்டு உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். அழகாக இருந்தார் என்பதை அவரிடம் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

கே: வெளிநாட்டு வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. முதலில் ‘பிராசஸிங் ஃபீஸ்’ கட்டச் சொல்கிறார்கள்.
– ராமநாதபுரம்

கட்டாதீர்கள். ஏற்கனவே கட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் அடியுங்கள்.

கே: அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளையை லிங்க்ட்இன்னில் விசாரிப்பது சரியா?
– கருவூல அலுவலகத் தாய்மாமன், திருநெல்வேலி

ஊரே விசாரிக்கிறது. மேட்ரிமோனியில் எழுதுவது பையனின் அப்பா. லிங்க்ட்இன்னில் எழுதுவது பையன். இரண்டிலும் பதவி ஒன்றா, சேர்ந்த வருடம் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். ஆனால் பார்க்கும் முன் செட்டிங்கில் பிரைவேட் மோடுக்கு மாறிக்கொள்ளுங்கள். ‘கருவூல அலுவலகத்திலிருந்து ஒருவர் உங்கள் புரொஃபைலைப் பார்த்தார்’ என்று தகவல் போனால், பையன் கல்யாணத்தை மறந்துவிட்டு ஆடிட்டரிடம் ஓடுவான்.