நெபுலாவுக்கு அம்மா இல்லை

ஊருக்கு ஒரு ஜோசியர், ஒரு வட்டிக்கடைக்காரர் என்பதுபோல இப்போது தாலுகாவுக்கு ஒரு நெபுலாக்காரர் வந்துவிட்டார். கள்ளக்குறிச்சிப் பக்கமும் உண்டு. பகலில் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. வங்கியில் கடன் பிரிவிலோ, மேல்நிலைப் பள்ளி இயற்பியல் வகுப்பிலோ, வீட்டு மாடியில் பெங்களூர் கம்பெனிக்கு லேப்டாப் தட்டிக்கொண்டோ இருப்பார். கையில் தினசரி காலண்டரைக் கொடுத்தால் பிடிபட்டுவிடுவார். ஊரே முகூர்த்த நாளைத் தேடும்போது அவர் விரல் மட்டும் அமாவாசையில் போய் நிற்கும். சனிக்கிழமை அமாவாசை என்றால் முகத்தில் ஒரு தேஜஸ் வரும். அன்றைக்கு யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பது பஞ்சாங்கம் எழுதியவர்கள் அவருக்குச் செய்துவைத்த உபகாரம்.

அவருடைய வித்தைக்கு நாரோபேண்ட் என்று பெயர். நெபுலா என்பது விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் வாயு மேகம். பக்கத்துச் சூடான விண்மீனின் புற ஊதா ஒளி பட்டால் அது தானே ஒளிரும். முக்கியமாக ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில், ஆக்சிஜன் 500.7இல், கந்தகம் 672ஐ ஒட்டி. அந்த அலைநீளத்தைச் சுற்றி மூன்று நானோமீட்டரை மட்டும் உள்ளே விட்டு, மற்ற வெளிச்சத்தை வாசலிலேயே நிறுத்துகிற கண்ணாடிதான் ஃபில்டர்.

மூன்று ஃபில்டர் வாங்கின காசில் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம். வாங்கும்போது வீட்டில் சொன்ன நியாயம் இது: “இது இருந்தா தெருவிளக்கு, நிலா எதுவும் பெருசா தொந்தரவு பண்ணாது. நம்ம மொட்டைமாடியிலேயே எடுத்துக்கலாம். மலைக்கே போக வேணாம்.” பெரும்பாலும் உண்மைதான், பெருநகரத்து மாடிகளிலிருந்தே நெபுலா எடுக்கிறவர்கள் உண்டு. பார்சல் வந்த மாதமே அவர் மலைக்குப் புறப்பட்டார்.

“ஏங்க, மாடியிலயே எடுக்கலாம்னீங்களே?”

“மாடியிலயே இவ்ளோ வருதுன்னா மலையில எவ்ளோ வரும்? யோசிச்சுப் பாரு.”

அந்த அம்மாள் யோசிக்கவில்லை. இட்லியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் வரும். கொடைக்கானல் வானாய்வகம் 1912 முதலே சூரியனை இதே ஹைட்ரஜன் ஒளியில் படமெடுத்தது என்பார். வடக்கே ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கிக்குத் தாவுவார். அதன் கண்ணாடி 2.3 மீட்டர், விண்வெளியில் சுற்றும் ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர். “பத்து சென்டிமீட்டர்தான் சார் வித்தியாசம்!” நடுவில் இருக்கும் காற்று மண்டலத்தைப் பற்றி அப்போது பேச்சு வராது. தன் குழாயின் அகலம் எட்டு சென்டிமீட்டர் என்பதும் வராது.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்தால் அவருக்கு சீசன். டிக்கியில் டெலஸ்கோப், அதைச் சுழற்றும் மவுண்ட், எதிர்ப்பக்கம் மாட்ட இரும்புக் குண்டு, கேமரா, கார் பேட்டரி, குரங்குக் குல்லா, ஃபிளாஸ்க் காபி. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டுக் கல்வராயன் மலை ஏறினால் வழியில் யாராவது டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். அமாவாசை இரவு, குழாய், கம்பி, இரும்புக் குண்டு. எலுமிச்சம்பழம் ஒன்றுதான் குறை.

“இன்னா சார் இது?”

“டெலஸ்கோப். அஞ்சாயிரம் ஒளியாண்டு தூரத்துல ஹைட்ரஜன் இருக்கு. அத போட்டோ எடுக்கணும்.”

புதையல் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள்.

மேலே போனதும் முதல் வேலை துருவ நட்சத்திரத்தைப் பிடிப்பது. மவுண்டின் அச்சு வடதுருவத்தை நோக்கி நின்றால்தான் வானத்தின் ஓட்டத்தோடு அது ஓட முடியும். ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். லண்டன்காரனுக்கு 51 டிகிரி, அண்ணாந்தால் போதும். இங்கே 12 டிகிரி இருந்தாலே பெரிது. வடக்கே ஒரு பலாமரம் இருந்துவிட்டால் தீர்ந்தது கதை. மவுண்ட் செய்தவனும் பூமியில் இப்படி ஓர் இடம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் குண்டு மாட்டிய தண்டு முக்காலியின் காலிலேயே போய் இடிக்கும். கீழே விழுந்து, படுத்து, ஒரு கண்ணை மூடி அவர் செய்யும் அங்கப்பிரதட்சணம் ஒரு மணி நேரம் நடக்கும்.

அதற்குள் மரவள்ளித் தோட்டத்துப் பெரியவர் டார்ச்சோடு வந்துவிடுவார்.

“ஐயா, லைட்ட அணைங்க, லைட்ட அணைங்க!”

அணைத்தார். “இதுல கண்ண வெச்சுப் பாக்கட்டா தம்பி?”

“கண்ணுக்குத் தெரியாதுங்க. கேமராதான் பாக்கும்.”

“அப்ப நீ?”

“நான் லேப்டாப்பப் பாப்பேன்.”

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் விழுந்தது. கறுப்புத் திரையில் சாம்பல் கறை. அடுத்த ஐந்து நிமிஷத்துக்கு அதே கறை இன்னொன்று. பெரியவர் தலைக்கு மேலே இருந்த வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “பனி எறங்குது, தலையில துணி போட்டுக்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வைத்தியம் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் கேள்வி கேட்கவில்லை.

இப்படிப் பல அமாவாசைகளில் சேர்த்த நூற்றுக்கணக்கான கறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் அடங்கி, ரோசெட் நெபுலா எழுந்து வரும். அது நிஜமான அதிசயம். அதோடு அவர் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

அடுத்தது நிறம். ஹைட்ரஜன், கந்தகம் இரண்டின் ஒளியும் கண்ணுக்குச் சிவப்புதான். பிரித்துக் காட்டுவதற்காகக் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஓர் ஏற்பாடு. கழுகு நெபுலாவின் ‘படைப்பின் தூண்கள்’ படத்தை 1995இல் ஹப்பிள் இந்த ஏற்பாட்டில் தந்து உலகத்தை மயக்கியது. வானத்தில் ஹைட்ரஜன்தான் மிகுதி என்பதால் படம் முழுக்கப் பச்சையடிக்கும். நெபுலாக்காரருக்குப் பச்சை ஆகாது; பொன்னிறம் வேண்டும். எனவே, தானே கொடுத்த பச்சையைத் தானே எடுப்பதற்கு ஒரு முழு ராத்திரி உட்காருவார். கேட்டால், “எல்லாமே நிஜ டேட்டா சார்” என்பார். மாநிறப் பெண்ணை ஆல்பத்தில் வெளுத்துவிடுகிறார்கள் என்று கல்யாண ஸ்டூடியோக்காரர்களைத் திட்டுவதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை.

கடைசியாகக் கூர்மை. காற்றின் அலைப்பிலும் குழாயின் சிறுமையிலும் படம் மசமசவென்றுதான் இருக்கும். முன்பு டிகான்வல்யூஷன் என்ற கணக்கைப் போட்டு மல்லுக்கட்டுவார்கள். கொஞ்சம் மிஞ்சினால் விண்மீனைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். 2022 டிசம்பரில் ரஸ்ஸல் குரோமன் பிளர்எக்ஸ்டெர்மினேட்டர் என்ற ஏஐ கருவியை வெளியிட்டார். விண்மீன் புள்ளியாக இருக்க வேண்டியது, இந்தப் படத்தில் எப்படிக் கலங்கியிருக்கிறது என்று கணித்து, அந்தக் கலங்கலைக் கழிக்கப் பார்க்கும் கருவி. அளவோடு வைத்தால் உருப்படியான வேலைக்காரன். நம்மவருக்கு அளவு என்பது ஸ்லைடரின் வலது கோடி. அது போதாதென்று, சாதாரண போட்டோவுக்காகச் செய்த இன்னொரு ஏஐ கருவியையும் மேலே ஓட்டுவார். அது கற்றதெல்லாம் முடி, இறகு, துணி, மரப்பட்டை. மங்கலான இடத்தைக் கண்டால் தனக்குத் தெரிந்ததை அங்கே வரைந்து வைத்துவிடும்.

பெரிதாக்கிப் பிரின்ட் போட அவர் போய் நின்றது, திட்டின அதே ஸ்டூடியோவில். ஸ்டூடியோ அண்ணன் படத்தைத் திரையில் விரித்து, ஒரு மூலையில் நிறுத்தினார். நெளிநெளியாகச் சின்னக் கோடுகள்.

“சார், ஏஐ போட்டீங்களா?”

“எப்படித் தெரியும்?”

“நானும் அதான் வெச்சிருக்கேன். செத்துப்போன தாத்தா போட்டோ, அரைகுறையா எடுத்துட்டு வருவாங்க. இதப் போட்டா மீசையில இதே கோடு வரும்.”

“இது தூசிப் பாதைங்க. பெரிய டெலஸ்கோப் படத்துலயே இருக்கு.”

“இருக்கலாம் சார். தாத்தாவுக்கும் மீசை இருந்துச்சுதான்.”

நெபுலாக்காரர் பதில் சொல்லவில்லை. அண்ணன் விடவில்லை. “பொண்ணு மூக்குல நான் கை வெச்சா, ஆல்பம் வாங்க வர்ற அம்மா, ‘இது எம்பொண்ணே இல்ல’ம்பாங்க. பாக்கிப் பணம் நின்னுடும். அந்தப் பயத்துலயே நான் நியாயமா இருக்கேன். ஒங்களுக்கு அது இல்ல பாருங்க.”

பேச்சுக்குச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. நெபுலாவுக்கு அம்மா இல்லை. தன் முகம் இதுவல்ல என்று சண்டை போட அது ஒளியின் வேகத்தில் கிளம்பினாலும் கள்ளக்குறிச்சி வந்து சேர ஐயாயிரம் வருஷம் ஆகும். அதுவரை அதன் சார்பில் வாதாட நெபுலாக்காரரின் மனசாட்சி ஒன்றுதான் உண்டு. அது இல்லாமலும் இல்லை. ஸ்லைடரைப் பாதியில் வைத்து ஒரு பிரதி, கோடியில் வைத்து ஒரு பிரதி என்று இரண்டு செய்தார். முதலாவது ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது ஹாலில் மாட்டியிருக்கிறது.

அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் ஒரு யோசனை. சுவரைக் காட்டும்போது, “இது ஒரிஜினலா?” என்று கேட்டுவிடாதீர்கள், உறவு அன்றோடு சரி. “எத்தனை மணி நேரம் சார் எடுத்தீங்க?” என்று கேளுங்கள். ஹைட்ரஜனுக்கு இவ்வளவு, ஆக்சிஜனுக்கு இவ்வளவு, கந்தகத்துக்கு இவ்வளவு, மேகம் வந்து வீணானது இவ்வளவு என்று நோட்டுப் பார்க்காமல் சொல்வார். அந்தக் கணக்கில் எந்த ஏஐயும் கை வைத்ததில்லை, நிமிஷம்கூடப் பிசகாது. கேட்பதற்கு முன்னால் அவர் மனைவி பக்கத்தில் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே கணக்கு அவரிடமும் இருக்கிறது, பெட்ரோல் செலவோடு.