பூகோளப் பரீட்சையும் புரண்டுபோன உலகமும்

சரித்திரத்தில் வருஷம் மாறினால் மார்க் போயிற்று, கணக்கில் ஒரு வரி பிசகினால் மொத்தமும் போயிற்று, ஆனால் பூகோளம் அப்படிக் கைவிடாது, அதில் மேப் இருக்கிறது, மேப்பில் நாலு இடத்தைச் சரியாகக் குறித்தாலே கரையேறிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான், எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய எங்கள் கூட்டம் அந்தக் கடைசிப் பரீட்சைக்குப் போயிற்று. நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால், பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் கட்டாகத் தொங்கிய இந்தியாக்கள் நினைவிருக்கும். மட்டமான காகிதம், சில்லறைக் காசு விலை, அச்சு சற்று இழுத்துக்கொண்டால் அந்தமான் பாதி காணாமல் போயிருக்கும். ஒன்று கேட்டால் கடைக்காரர், "இந்தியாவா, உலகமா?" என்பார். அந்தக் கேள்வியை அவ்வளவு அலட்சியமாகக் கேட்ட இன்னொருவரை நான் அப்புறம் சந்திக்கவே இல்லை.

அந்த மேப்புக்கு நாங்கள் செய்த அலங்காரத்தைக் கல்யாணப் பெண்ணுக்குக்கூட அந்த நாளில் செய்திருக்க மாட்டார்கள். நீலக் கலர் பென்சிலின் முனையைப் பிளேடால் சுரண்டி, அந்தத் தூளைப் பஞ்சில் ஒற்றி, கட்ச் வளைகுடாவில் ஆரம்பித்துக் கன்னியாகுமரியில் வளைந்து சுந்தரவனம் வரை கரையோரமாகத் தேய்த்துக்கொண்டே போனால், கரையருகில் அடர்த்தியும் தள்ளிப் போகப்போக வெளிறலுமாக ஒரு சமுத்திரம் உண்டாகும்; பலமாக ஒருமுறை ஊதினால் உபரிக் கடல் பறந்து பக்கத்துப் பையன் சட்டையில் படியும். ஆரவல்லிக்குப் பழுப்பு, கரிசல் மண்ணுக்குக் கறுப்பு, நெல்லுக்குப் பச்சைப் புள்ளிகள், கடகரேகைக்கு ஸ்கேல் வைத்து விட்டுவிட்டு இழுத்த கோடு. கடல் அழகாக இருந்தால் ஊர் சற்றுத் தள்ளிப்போனாலும் திருத்துகிறவர் மனமிரங்குவார் என்பது எங்களிடையே அசைக்க முடியாத ஐதீகம்.

வகுப்பில் மாட்டும் பெரிய மேப் தனி ரகம். துணி ஒட்டி, வார்னிஷ் பூசி, மேலும் கீழும் கட்டை வைத்துச் சுருட்டப்பட்டு, தலைமையாசிரியர் அறை மூலையில் நிற்கும். அதைத் தோளில் சுமந்து வரும் பாக்கியம் கிடைத்தவன் அன்றைக்குப் பாதி வாத்தியார். அவிழ்த்து ஆணியில் மாட்டினால் இந்தியா வரும், ஆனால் அது எங்கள் இந்தியா அல்ல. ஹைதராபாத் நிஜாமும் மைசூர் மகாராஜாவும் இன்னும் பதவியிறங்காத இந்தியா. வாத்தியார் பிரம்பால் அதைத் தட்டி, "இங்கே மதராஸ்னு போட்டிருக்கா? தமிழ்நாடுன்னு வெச்சுக்கோ" என்பார். நாங்களும் வைத்துக்கொண்டோம். உலக உருண்டை ஒன்றும் இருந்தது, பீரோவின் மேல், யாரும் தொடக்கூடாத உயரத்தில், வடதுருவத்தில் பனிக்குப் பதில் தூசியுடன். இப்போது எல்லாப் பையன்கள் சட்டைப்பையிலும் அதே உருண்டை கிடக்கிறது, விரலால் சுழற்றலாம், பெரிதாக்கினால் தன் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிவரை தெரிகிறது. பெரும்பாலோர் ஒருமுறை அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு உருண்டையை மூடிவிடுகிறார்கள்.

பரீட்சைக்கு முந்தின இரவு நான் படித்ததை இன்று யாராவது வீடியோ எடுத்துக் காட்டினால் சிரித்துக்கொண்டே ஒளிந்துகொள்வேன். ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் என்று ஐந்து நதியையும் தாளக்கட்டோடு உருப்போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தவன், நதி என்று அதுவரை பார்த்ததெல்லாம் கால்பந்து ஆடத் தோதான ஒரு மணல்வெளியைத்தான். தாலுகா தலைநகரைத் தாண்டி ரயிலேறாத அந்தப் பையன், தாமோதர் பள்ளத்தாக்கின் நிலக்கரியை எப்படிப் பயன்படுத்தலாம் என்று தில்லிக்கே யோசனை சொல்லும் தோரணையில் ஒன்றரைப் பக்கம் எழுதத் தயாராக இருந்தான். 'தமிழ்நாடு தென்மேற்குப் பருவக்காற்றால் அதிக மழை பெறுவதில்லை, காரணம் கூறுக' என்ற கேள்வி வரும் என்பது நிச்சயம். மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தைத் தடுத்து அந்தப் பக்கமே பிழிந்துவிடுகிறது, நாம் மழைமறைவுப் பிரதேசம் என்ற பதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதே, மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு வரும் காலி வண்டிதான் அது என்று அப்பாவுக்கு விளக்கியபோது, அவர் விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப கிணறு வத்தினதுக்கு மலைதான் காரணமா?" என்றார். பூகோளம் எனக்கு வாங்கிக்கொடுத்த முதல் மரியாதை அது.

அதைவிடப் பெரிய சந்தோஷம் அட்லஸில் விரலால் ஊர் போவது. டிக்கெட் கிடையாது, சோற்று மூட்டை கிடையாது. மாஸ்கோவில் விரலை வைத்தால் டிரான்ஸ் சைபீரியன் ரயில்பாதை 9,289 கிலோமீட்டர். ஓம்ஸ்க், இர்குட்ஸ்க், பைக்கால் ஏரி என்று பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போய் விளாடிவாஸ்டாக்கில் இறங்கும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள். அங்கே தெரு எப்படி இருக்கும், டீ கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே அது அவ்வளவு அழகாக இருந்தது. சென்ற வருஷம் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகளிடம் அந்தப் பேரைச் சொன்னேன். அரை நிமிஷத்தில் போனில் அந்த ஊரின் துறைமுகத்தையும் பாலத்தையும் காட்டிவிட்டு, "பரவாயில்ல பெரியப்பா, கூட்டமே இல்ல" என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். நான் வருஷக்கணக்காக விரலால் தேய்த்த ஊர் அவளுக்கு அரை நிமிஷத்தில் பழையதாகிவிட்டது.

இரும்பு எஃகு ஆலைகளை மறந்திருக்க மாட்டீர்கள். பிலாய் சோவியத் யூனியன் உதவி, ரூர்கேலா மேற்கு ஜெர்மனி உதவி, துர்காபூர் பிரிட்டன் உதவி. 'பொருத்துக' என்றால் இது இல்லாமல் கேள்வித்தாள் கிடையாது. உதவி செய்தவர்கள் பெரிய மனிதர்கள், உதவி வாங்கிய நாம் கைகட்டி நிற்கிறவர்கள் என்ற பாவனையில்தான் அதைப் படித்தோம். மேற்கு ஜெர்மனி 1990-ல் ஒரே ஜெர்மனியில் கலந்துவிட்டது, உலகின் மிகப் பெரிய நாடு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய சோவியத் யூனியன் மறு வருஷமே பதினைந்து நாடுகளாகிவிட்டது. ஆலைகள் மூன்றும் இன்னும் புகைந்துகொண்டிருக்கின்றன. பிலாய் மட்டும் 2000-ல் உட்கார்ந்த இடத்திலேயே மத்தியப் பிரதேசத்திலிருந்து சத்தீஸ்கருக்குக் குடிபோயிற்று.

தங்கம் கிடைக்கும் இடம் என்றால் கோலார் என்று எழுதியவர்களில் எத்தனையோ பேருக்கு அங்கே மாமாவோ சித்தப்பாவோ இருந்தார்கள். வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய், பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி வெட்டியவர்கள் தமிழர்கள்தான். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். மேப்பில் மஞ்சள் புள்ளி வைப்பது எங்களுக்கு ஒரு நொடி வேலை. அந்தப் புள்ளிக்குள் இருந்தவர்கள் பாடு பாடத்திட்டத்தில் இல்லை. ஆரல் கடலும் அப்படியே. உலகின் நான்காவது பெரிய ஏரி என்று அதற்கு நல்ல நீலமாகத் தேடிப் பூசினோம். பருத்தி விளைவிக்க அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளை வாய்க்காலில் திருப்பிவிட்டதில் அறுபதுகளிலிருந்தே அது வற்றிக்கொண்டிருந்ததும், நாங்கள் நீலம் தேய்த்த நேரத்தில் அங்கே படகுகள் மணலில் நின்றதும் எங்கள் பென்சிலுக்குத் தெரியாது. 'சோவியத் யூனியனின் பாசன வளர்ச்சி' என்ற இன்னொரு பதிலில் அதே வாய்க்கால்களைப் புகழ்ந்து எழுதி அதற்கும் மார்க் வாங்கினோம்.

தம்பி மகளின் புத்தகம் பளபளவென்று இருக்கிறது. இலவசம், பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு, போனைக் காட்டினால் எரிமலை வெடிக்கிறது. என்னுடையது மேல் வகுப்பு அண்ணனிடம் பாதி விலைக்கு வாங்கியது. அவன் 'முக்கியம்' என்று கோடு போட்ட இடத்தில் நானும் கோடு போட்டேன், அதற்குக் கீழே அவனுக்கு முந்தியவனின் கோடும் இருந்தது. மூன்று தலைமுறை முக்கியமென்று ஒப்புக்கொண்டதை எந்த கியூஆர் கோடு சொல்லும்? "தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம்?" என்று அவளைக் கேட்டேன். 38 என்றாள். எங்களுக்குப் பதினாறு. எனக்கு வடஆற்காடு என்ற ஒற்றைப் பேரில் முடிந்தது, அவளுக்கு வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நான்காக நீள்கிறது. "உங்களுக்கு ஈஸி பெரியப்பா" என்றாள். வாஸ்தவம்தான். வளர்ச்சி என்பது அடுத்த தலைமுறைக்கு மனப்பாடச் சுமையைக் கூட்டுவது என்று அன்றே யாராவது சொல்லியிருந்தால் நான் வளர்ச்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டிருப்பேன்.

மணி அடித்து, ட்வைன் நூலால் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனா மையை உதறிக்கொண்டோம். எல்லாப் பரீட்சையும் முடிந்ததற்கு அதுதான் அத்தாட்சி. அந்த மைத்துளிகளோடு கங்கைச் சமவெளியும் தக்காண பீடபூமியும் தலையிலிருந்து கொட்டிப்போயின. மார்க் மட்டும் சான்றிதழில் அப்படியே இருக்கிறது, லேமினேஷன் போட்டு. அதே தாளை இன்று திருத்தினால் பாதிக்கு மேல் தப்பு.

எது மிஞ்சும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊர்ப் பெயர்கள் தேறாது. எவரெஸ்ட் 8,848 மீட்டர்கூட 2020-ல் 86 சென்டிமீட்டர் சேர்த்துக்கொண்டுவிட்டது. பீகார் வழியாகக் கடகரேகை போகிறது என்று எழுதியதும் செல்லாது, ஜார்க்கண்ட் பிரிந்தபோது கோடு அந்தப் பக்கம் போய்விட்டது. சரி, அந்த ரேகையாவது நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தால், பூமியின் அச்சுச் சாய்வு குறைந்துவருவதால் அதுவும் வருஷத்துக்குச் சுமார் 15 மீட்டர் தெற்கே நகர்கிறதாம். ஆனால் நான் வாங்கிய மேப்பில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். முனை மழுங்கிய என் பென்சில் கோட்டின் அகலம் அரை மில்லிமீட்டருக்குக் குறையாது. அந்தக் கோட்டைவிட்டு உண்மையான கடகரேகை வெளியேற இன்னும் முந்நூறு வருஷமாவது ஆகும். அதுவரை அந்த ஒரு மார்க்கை என்னிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது.