ஆப்ப சோடாவும் அம்முணியோட பாசிமணியும்

ஏனம்முணி, அட்டாலியில இருந்த ஆப்ப சோடா டப்பா தானா நடந்து பொடக்காளிக்குப் போயிருச்சாம். உங்க அம்மிச்சி காலையிலிருந்து விசாரணை நடத்திட்டு இருக்கறா. நான் வாயைத் தொறக்கலை. காட்டிக் குடுக்கற பழக்கம் நம்ம பரம்பரையில கெடையாது. கூலி வாங்கற பழக்கம் மட்டும் உண்டு. நல்லதா ஒரு பாசி எனக்கு எடுத்து வெச்சிரு.

பட்டணத்துல பணங்கட்டிக் கண்ணாடிப் பாசி சுத்தப் படிச்சே. கம்பியில வெள்ளை மண்ணுக் குழம்பைப் பூசிக் காயவெச்சு, கண்ணாடிக் குச்சியை நெருப்புல உருக்கி, கம்பியைத் திருப்பித் திருப்பிச் சுத்தி, வழவழன்னு ஒரு பாசி பண்ணுனே. லட்சணமாத்தான் இருந்துச்சு. அதைப் புடிச்சுச் சோடாவுல பொரட்டி, மறுக்கா நெருப்புல காட்டி, மேலெல்லாம் குழி குழியாப் பண்ணிப்போட்டு, “பழசாட்ட இருக்குதல்ல அப்புச்சி?”ங்கறே. நாங்க பழசாகறதுக்கு எத்தனை வருசம் பாடுபட்டோம் தெரியுமா? நீ அரை நிமிசத்துல முடிச்சுப்போட்டே.

செஞ்சது செஞ்சே, என்னத்தைச் செஞ்சோம்னாவது தெரிஞ்சு வெச்சுக்க. ஆப்ப மாவுல சோடா என்ன வேலை பண்ணுதோ அதே வேலைதான் பாசியிலயும். சூடு பட்டதும் கரியமில வாயுவும் நீராவியும் கெளம்பிரும். மிச்சம் நிக்கறது சலவைச் சோடா. அதுக்கும் கண்ணாடிக்கும் நெம்பப் பழைய ஒறவு. வெறும் மணலை உருக்கறதுன்னா 1,700 டிகிரி பக்கம் வேணும். சோடா சேர்ந்தாத்தான் அது பிடிவாதத்தை விட்டு எறங்கி வரும். உன்ற குச்சியே மணலு, சோடா, சுண்ணாம்பு மூணுஞ் சேர்ந்ததுதானே? அதனால மேல ஒட்டுன சோடா பாசியோட தோலை எளக்கிட்டு எறங்குது, வாயு நுரைச்சுக்கிட்டு வெளிய வருது, குழி விழுகுது.

எச்சாப் பொரட்டுனா வெள்ளையாப் பொருக்குத் தட்டி அசிங்கமா நிக்கும். தொட்டும் தொடாமப் பொரட்டிட்டு ஒடனே நெருப்புக்குத் திருப்பிரு. கனலற கண்ணாடியைக் குளுந்த பொடிக்குள்ள விட்டுப்போட்டு நீ போனைப் பார்த்துட்டு இருந்தீன்னா, ‘டிக்’னு ஒரு சத்தம் வரும். அது மெசேஜ் இல்ல, பாசி. அப்புறம், கடைக்காரன் சோடா இல்லைன்னு பேக்கிங் பவுடரை நீட்டுனா வாங்கிட்டு வந்துராதே. அதுல மாவு கலந்திருக்கும், கருகிப் போகும்.

மஞ்சத்தூள் டப்பாவையும் காணோம்னு பேச்சு அடிபடுது. தூவுனாப் பாசி மஞ்சளாயிரும்னு நெனச்சயாக்கும்? காட்டுல மொளைச்ச எதுவும் அந்த நெருப்புல நெறம் நிக்காது. மஞ்சளு, காப்பித்தூளு, சக்கரை எல்லாம் கரியாகிப் புகையாப் போயிரும். மொளகாத்தூளை மட்டும் தொட்டுராதே. தெருவே தும்மும், யாருக்குத் திருஷ்டி கழிக்கறீங்கன்னு நாலு பேரு வந்து நிப்பாங்க. உப்பும் வேண்டாம். சுத்திப் போட்ட உப்பு அடுப்புல படபடன்னு வெடிக்கறதைப் பார்த்திருக்கயல்ல? கல்லுக்குள்ள மாட்டுன துளித் தண்ணி ஆவியாகி ஒடைச்சுக்கிட்டு வர்றது அது. அங்க திருஷ்டி போகும், இங்க கண்ணே போகும்.

கண்ணுன்னதும் நெனப்பு வருது. நீ போடற அந்த ஊதாக் கண்ணாடியைப் பந்தான்னு நெனச்சு நானும் நெம்பக் கேலி பேசுனேன். அது பேரு டிடிமியமாம். கண்ணாடி சூடேறறப்ப உள்ள இருக்கற சோடியம் மஞ்சளா ஒரு வெளிச்சம் அடிக்குது, 589 நானோமீட்டர். அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டத்தான் நியோடிமியமும் பிரசியோடிமியமும் கலந்து அதைச் செய்யறாங்க. சோடா பொரட்டற அன்னைக்கு மஞ்சள் இன்னும் எச்சாத்தான் அடிக்கும். அன்னைக்குப் பார்த்து அதைத் தலைமேல ஏத்தி விட்டுக்கிட்டு போட்டோ எடுக்காதே.

சமையக்கட்டைக் கொள்ளையடிச்ச மொதல் ஆளு நீதான்னு நெனச்சுக்காதே. ஆந்திராவுல பாப்பாநாயுடுபேட்டைன்னு ஒரு ஊரு. கண்ணாடியைக் கொழலா இழுத்துப் பொடிப்பொடியா நறுக்கி, சாம்பலோட போட்டுச் சூடுபண்ணிக் கிண்டுவாங்க. நறுக்குன கூரு மழுங்கும். சாம்பல் நடுவுல நிக்கறதால ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டுல கெடச்ச பாசியிலயும் அப்படி இழுத்து நறுக்குன வகை நெறைய. நம்ம பழனிக்கு அக்கட்ட பொருந்தல்ல தோண்டுனப்பவும் கண்ணாடி மணி ஆயிரக்கணக்குல வந்துச்சு. பாப்பாநாயுடுபேட்டைக்காரங்க சாம்பலை வெச்சு வழவழன்னு ஆக்கப் பாடுபட்டாங்க. நீ சோடாவை வெச்சுச் சொரசொரன்னு ஆக்கப் பாடுபடறே. முன்னேத்தந்தான்.

நொய்யக் கரையில கொடுமணல் இருக்குதல்ல? அங்க வெள்ளைக் கோடு போட்ட சூதுபவள மணி எடுத்தாங்க. கல்லுமேல அழியாத கோடு எப்படி வந்துச்சுன்னு கேளு. அதும் சோடாதான். சிந்துல சேவான்ங்கற ஊர்ல ஒரு பெரியவரு செஞ்சு காட்டுனதை எர்னஸ்ட் மெக்கேங்கற தொரை பார்த்து 1933-ல எழுதி வெச்சாரு. சலவைச் சோடாவை ஒரு செடியோட கொழுந்துச் சாறுல கொழைச்சு, கல்லுல கோடு இழுத்து, கரி நெருப்புல சுட்டா வெள்ளையா நின்னுருமாம். கவனிச்சயா, வெள்ளைக்காரனே ஒரு கெழவன் முன்னால குத்தவெச்சு உக்காந்து கத்துக்கிட்டான். பேத்திகதான் காதுல மிஷினை மாட்டிக்கறீங்க.

மங்கலா வேணும்னு கண்ணாடியைத் தின்னற ஆசிட்டுக்கு மட்டும் போயிராதே. அது தோலோட நிக்காது, எலும்பு வரைக்கும் போகும். அவசரப்பட்டுப் பாசியை வெளிக்காத்துலயும் வெக்காதே. 500 டிகிரி பக்கம் சூளையில நிறுத்தி மெதுவா எறக்கு. சூளை காலியா இல்லீன்னா, மாடித்தோட்டத்துக்கு வாங்குன வெர்மிகுலைட்டைச் சூடுபண்ணி அதுக்குள்ள புதைச்சுட்டு, பொறவு சூளைக்கு மாத்து. முழுசா ஆறுனதுக்கப்புறம் தண்ணியில ஊறப்போட்டு, பொருக்கு இருந்தா வினிகர் தொட்டுப் பழைய பிரஷ்ஷால தேய்ச்சா வந்துரும். ஓட்டையில இருக்கற மண்ணை ஈரத்தோட குடை. காய்ஞ்ச தூசியை இழுத்தா நெஞ்சு கெட்டுரும். பிரஷ் யாருதுன்னு மட்டும் பார்த்து எடு.

நெசமாலுமே பழசுன்னா எப்படி இருக்கும்னு கேளு. மண்ணுக்குள்ள காலங்காலமாக் கெடந்த ரோமாபுரிக் கண்ணாடியில ஈரம் சோடாவைக் கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சி எடுத்து, மேல்தோலு ஏடு ஏடாப் பிரிஞ்சு வானவில் நெறம் அடிக்கும். உன்றதுல குழி வந்திருக்குது, அந்த நெறம் வராது. ஆனா சந்தையில அதை யாரு உத்துப் பார்க்கறா? புதுச்சேரிப் பக்கம் கொண்டு போய் வெச்சா, எந்தக் காலத்துப் பாசின்னு கேப்பாங்க. அரிக்கமேடுன்னு வாய் வரைக்கும் வரும், முழுங்கிரு. போன வியாழக்கிழமைன்னு சொல்லு. வெலையை மட்டும் ரெண்டாயிரம் வருசத்துக்குச் சேர்த்துச் சொல்லு.