றோஸ் மதிலும் எல்லைச் சண்டையும்

1979இல் அமெரிக்காவின் சியாற்றிலில் ஒரு கடற்படைச் சிறையறைக்கு றோஸ் பெயின்ற் அடித்து, கைதிகளின் கோபம் கால் மணித்தியாலத்தில் தணிந்ததாகச் சொன்னார்கள். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. எங்களைக் கேட்டிருந்தால் அப்பவே சொல்லியிருப்போம். யாழ்ப்பாணத்தில் கிடுகுவேலி போய் மதில் வந்தது. அதற்கு நிறம் தெரிவுசெய்வது ரொறன்ரோத் தம்பி, வைபரில். கத்தரிப்பூ, கிளிப்பச்சை, றோஸ். அங்கே மாதக்கணக்கில் பனி; நிறத்துக்கு ஏங்குகிறார், பாவம். பார்ப்பது நாங்கள்.

எந்த நிறமும் காணிச் சண்டையை ஓரங்குலம் குறைக்கவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் சிவப்பு வெள்ளைப் பட்டை மதிலின் முன் மட்டும் இரு தரப்பும் கைகூப்புகிறார்கள். அதுவும் வழக்கில் வெல்லத்தான்.

தம்பிமாரே, பெயின்ற் காசோடு சேவையர் காசையும் சேர்த்து அனுப்புங்கள்.