யார் மேலும் தப்பில்லை

எங்கள் கம்பெனியின் டிரேசிங்கைக் குறை சொல்பவர்களுக்கு நன்றி உணர்ச்சி கிடையாது. வாடிக்கையாளர் தேடல் பெட்டியில் 'பருத்திச் சேலை' என்று தட்டுகிறார். பதில் வர நாலு விநாடி ஆகிறது. வேறு இடமாக இருந்தால் இந்நேரம் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். எங்களிடம் அந்த அநாகரிகம் இல்லை. டிரேசிங் திரையைத் திறந்தால் ஒவ்வொரு மைக்ரோசர்வீஸுக்கும் ஒரு வண்ணத்தில் பட்டைகள் படிக்கட்டாக இறங்கும்; பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும். ஆகக் கீழே இருக்கும் நீளமான பட்டை மட்டும், முதல் தடவை மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, தேடலைச் செய்யும் எலாஸ்டிக்சர்ச் வாசலிலேயே கூச்சத்தோடு நின்றுவிடும். அது கிளையன்ட் தன் பக்கத்திலிருந்து எழுதிய ஸ்பான். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் அதற்குக் கிடையாது.

உள்ளே நடப்பதோ கொஞ்சமல்ல. தேடல் பல ஷார்டுகளுக்குப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு ஷார்டும் தன்னிடம் உள்ள முதல் பத்தைச் சொல்ல, ஒருங்கிணைக்கும் நோடு எல்லாவற்றையும் சேர்த்து வரிசைப்படுத்தி, தேறிய ஆவணங்களை மட்டும் மறுபடி போய் வாங்கி வருகிறது. ஒரு ஷார்டு மசமசவென்று இருந்தால் மற்ற அத்தனையும் அதற்காகக் காத்திருக்கும். எந்த ஷார்டு என்று கேட்டு அதை அவமானப்படுத்த எங்கள் டிரேஸுக்கு மனசு வராது.

சில நாள் கதை வேறு. பதிலோடு வரும் 'டுக்' என்ற எண் 40 மில்லிவிநாடி என்று சொல்லும். எங்கள் பட்டை 3,900 என்று சொல்லும். இரண்டு பேரும் சத்தியவான்கள். டுக் என்பது கோரிக்கை கையில் கிடைத்த பிறகு எலாஸ்டிக்சர்ச் போட்ட கணக்கு. கிளையன்டின் கனெக்‌ஷன் பூலில் வரிசையில் நின்ற நேரமும், கம்பியில் போய்வந்த நேரமும் அதில் சேராது. ஆகவே சர்ச் டீம் டுக்கைக் காட்டி விடுதலை ஆகிறது. ஆப் டீம் பட்டையைக் காட்டி விடுதலை ஆகிறது. நடுவே தொலைந்த நேரத்துக்கு வாரிசு இல்லை. இப்படிப்பட்ட சமரசத்தை எந்தப் பஞ்சாயத்தும் செய்து வைத்ததில்லை.

கொள்கைப் பிடிப்பையும் சொல்ல வேண்டும். டிரேஸ் எண்ணைக் கொண்டுபோகப் பழைய சர்வீஸ்கள் சிப்கின் காலத்து பி3 ஹெடரை விடமாட்டா. புதியவை 2020இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்த டிரேஸ்பேரண்ட் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டா. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு டிரேஸ் இரண்டாகும். மிச்சத்தை ஏசிங்க் கிளையன்ட் பார்த்துக்கொள்ளும்: ரிக்வெஸ்ட் ஒரு த்ரெட்டில் போய், பதில் வேறொரு த்ரெட்டில் வந்து இறங்க, அதன் பிறகு நடந்ததெல்லாம் தாய் தகப்பன் இல்லாத தனி டிரேஸாகத் திரியும். கடிகாரம் பிசகிய நோடில் பிள்ளைப் பட்டை தாய்க்கு முன்பே பிறந்துவிடுவதும் உண்டு.

சிக்கனத்தில் நாங்கள் கூகிளுக்குச் சளைத்தவர்கள் அல்ல. அவர்கள் 2010இல் வெளியிட்ட டாப்பர் கட்டுரையில், முதலில் சராசரியாக 1024 டிரேஸுக்கு ஒன்றைத்தான் பதிவு செய்ததாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் கூட்டத்துக்கு அது தாராளம். எங்களுக்குக் கூட்டம் இல்லாவிட்டால் என்ன, கௌரவம் இருக்கிறதே! ஆயிரத்தில் ஒன்று வைத்தோம். அதுவும் ரிக்வெஸ்ட் வாசலில் நுழையும்போதே, அது மெதுவாகப் போகுமா வேகமாகப் போகுமா என்று தெரியும் முன்பே, முடிவாகிவிடும். புகார் வந்த ரிக்வெஸ்டின் டிரேஸ்பேரண்ட் ஹெடரை லாகிலிருந்து எடுத்துப் பாருங்கள்: 55 எழுத்து, கடைசி இரண்டு 00. பதிவு செய்யவில்லை என்று அர்த்தம். அதிலுள்ள டிரேஸ் எண்ணை, டிரேஸ்களைக் காட்டும் யேகரில் ஒட்டினால் அப்படி ஒரு டிரேஸே இல்லை என்று பதில் வரும். நேற்று நன்றாக ஓடிய தேடல்களின் டிரேஸ் வேண்டுமானால், எத்தனை வேண்டும்?

அந்தப் பதில் வருவதற்கும் சற்றுப் பொறுக்க வேண்டும். எங்கள் யேகர் தன் டிரேஸ்களைச் சேமிப்பது எலாஸ்டிக்சர்ச்சில். செலவு மிச்சம் என்று அதே கிளஸ்டரில்தான் வைத்திருக்கிறோம். தேடல் ஏன் மெதுவாகிறது என்று தேடுபவர், அந்த மெதுவைத் தானும் அனுபவித்துத் தெரிந்துகொள்ளும் வசதி வேறெங்கே கிடைக்கும்?

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், விவரம் பத்தாதவன், ஒரு யோசனை சொன்னான். எலாஸ்டிக்சர்ச்சுக்குப் போகும் ரிக்வெஸ்டிலும் டிரேஸ்பேரண்டை அனுப்புவோம். எக்ஸ்-ஒபேக்-ஐடி ஹெடரில் சர்வீஸ் பெயரை எழுதுவோம். மெதுவான தேடல்களைக் குறித்துவைக்கும் ஸ்லோ லாக் இயல்பாக அணைந்தே கிடக்கிறது, 500 மில்லிவிநாடி என்று வரம்பு வைத்து எழுப்புவோம். எந்த ஷார்டு, எவ்வளவு நேரம், யார் அனுப்பியது, எந்த டிரேஸ் என்று ஒரே வரியில் வந்துவிடும் என்றான். வந்துவிடும்தான். அப்புறம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் என்ன பேசுவது? பெரியவர்கள் அவனைத் தட்டிக்கொடுத்து, டாஷ்போர்டுக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் குழுவில் போட்டிருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் பட்டைகளுக்கு நிழல்கூட விழுமாம்.